வீட்டில் ஒருவரைப் பராமரிக்கிறவர்களுக்கு வருமான வரிக் கழிவு: கேள்வி பதில்

கேள்விகள் நிறையவே வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதில் சொல்ல முடியாது. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்று வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வருமான வரியில் என்ன கிடைக்கும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சொல்வதெல்லாம் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு, 1961ஆம் வருடச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சேலம் வாசகர்: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். வீட்டுக்கே நர்ஸ் வைத்திருக்கிறோம். அந்தச் சம்பளத்தை வரியில் கழிக்கலாமா சார்? அம்மாவுக்குக் கொஞ்சம் குடும்ப ஓய்வூதியமும் வருகிறது.

கழிக்கலாம். ஆனால் நர்ஸ் சம்பளம் என்று தனியாகக் காட்ட இடம் இல்லை. நீங்கள் போக வேண்டிய பிரிவு 80டிடி. நம்மை நம்பி இருக்கும் மாற்றுத்திறனாளிக்கு மருத்துவம், பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றுக்குச் செலவு செய்தால் வரிக்குரிய வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்ளக் கிடைக்கும் கழிவு அது. மருத்துவம் என்பதில் நர்சிங்கும் அடங்கும் என்று சட்டமே சொல்கிறது. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 1,25,000 ரூபாய். உண்மையில் எவ்வளவு செலவானது என்பதைப் பொறுத்து இந்தத் தொகை கூடாது, குறையாது. வருடத்துக்கு இரண்டு லட்சம் செலவானாலும் இதுதான், இருபதாயிரம் ஆனாலும் இதுதான். செலவு என்று ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவே.

ஓய்வூதியம் வந்தால் கிடைக்காது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 'முழுமையாகவோ பெரும்பாலுமோ' உங்களைச் சார்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இத்தனை ரூபாய்க்கு மேல் வந்தால் கூடாது என்ற உச்சவரம்பு எதுவும் இந்தப் பிரிவில் இல்லை. அம்மாவின் மருந்து, சாப்பாடு, ஆள் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போகிறது என்றால் தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நடக்காது. அம்மா படுக்கையில் இருப்பது ஊருக்கே தெரிந்திருக்கலாம், வரித்துறைக்குத் தெரிய வேண்டியது மருத்துவ அதிகாரி எழுதிக் கொடுக்கும் சதவீதம். இன்றே தாளை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள்: சதவீதம் எண்ணில் இருக்கிறதா, நிரந்தரமா தற்காலிகமா, தற்காலிகம் என்றால் எந்தத் தேதி வரை. தேதி தாண்டிவிட்டால் புதிய சான்றிதழ் வாங்கும் வரை அடுத்த வருடக் கழிவு போய்விடும். வருடாவருடம் நான் பார்க்கும் இழப்புகளில் பாதிக்கு மேல் இந்தத் தேதியால் வருவதுதான்.

கோவை வாசகி: என் மகனுக்கு ஆட்டிசம். 80டிடி-க்கு யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) போதுமா?

அட்டை அவசியம் வைத்திருங்கள். ஆனால் ஆட்டிசம், பெருமூளை வாதம், பல்வகை ஊனம் ஆகிய மூன்றுக்கும் படிவம் 10-ஐஏ வேண்டும். அதை ஆன்லைனில் தாக்கல் செய்து, கிடைக்கும் ஒப்புகை எண்ணை ரிட்டர்னில் குறிப்பிட வேண்டும். கடைசி வாரத்தில் டாக்டரைத் தேடி ஓடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மைனர் பிள்ளையின் பெயரில் டெபாசிட் போட்டால் அதன் வட்டியைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். 80யு பிரிவில் (மாற்றுத்திறனாளி தன் வருமானத்தில் தானே கேட்கும் கழிவு அது) சொல்லும் ஊனம் உள்ள பிள்ளைக்கு அந்த விதி பொருந்தாது. வட்டி அவன் வருமானம்தான். அவனுடைய எதிர்காலத்துக்காகச் சேமிக்கிறீர்கள் என்றால் அவன் பெயரிலேயே சேமியுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவப் பாதுகாப்பும் உண்டு, ஆட்டிசம் அதில் வரும். அதையும் விசாரியுங்கள்.

ஓசூர் வாசகர் (இதே கேள்வியை இன்னும் பலரும் கேட்டிருக்கிறார்கள்): புதிய வரி முறையில் 80டிடி உண்டா?

இல்லை. 80டி (மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம்), 80டிடி, 80டிடிபி (குறிப்பிட்ட சில நோய்களின் சிகிச்சைச் செலவு), 80யு நான்குமே பழைய முறையில்தான். 2023-24 முதல் புதிய முறைதான் (வரி விகிதம் குறைவு, கழிவுகள் பெரும்பாலும் இல்லை) இயல்பானது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அலுவலகம் அதில்தான் பிடித்தம் செய்யும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பழைய முறைக்குத் தாவாதீர்கள். சம்பளம் 12.75 லட்சத்துக்குள் என்றால், வேறு வருமானம் இல்லாதபட்சத்தில் புதிய முறையில் வரியே வராது. அங்கே கழிவைத் தேடி அலைய வேண்டியதில்லை. 18 லட்சம் சம்பளக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக 17.25 லட்சத்துக்கு வரி 1,45,000, செஸ் சேர்த்து 1,50,800. பழைய முறையில் நிலையான கழிவு 50,000, 80சி (பிஎஃப், ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்பு) 1.5 லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், 80டி 75,000, 80டிடி 1,25,000, 80டிடிபி 1 லட்சம் என்று இருப்பதையெல்லாம் கழித்தால் 11 லட்சம் மிஞ்சும். வரி செஸ்ஸோடு 1,48,200. இவ்வளவு காகிதத்தையும் சேர்த்ததற்கு மிச்சம் 2,600 ரூபாய்! இதோடு வாடகைப்படியும் சேர்ந்தால் கணக்கு நன்றாகவே மாறும். அதனால் இரண்டு முறையிலும் போட்டுப் பாருங்கள். தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஒவ்வொரு வருடமும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால்தான் பழைய முறை, தாமதமானால் கிடைக்காது.

வேலூர் வாசகர்: அப்பாவுக்கு சர்க்கரை, பைபாஸும் ஆகியிருக்கிறது. 80டிடிபி வருமா?

வராது. அந்தப் பிரிவுக்கான நோய்ப் பட்டியலில் புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, ஹீமோஃபிலியா, தலசீமியா, முற்றிய எய்ட்ஸ், ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாத பார்க்கின்சன், மறதிநோய் போன்ற சில நரம்பு நோய்கள் மட்டுமே. அப்பாவுக்கு 60 வயது ஆகி, மருத்துவக் காப்பீடும் இல்லை என்றால், மருத்துவச் செலவை 80டி-யில் 50,000 வரை காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. மருந்துக் கடையிலும் ஜிபே செய்யுங்கள்.

தஞ்சாவூர் வாசகி: அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. என்னென்ன காகிதம் வேண்டும்?

80டிடிபி-க்கு வேண்டியது நிபுணர் எழுதிய மருந்துச்சீட்டு. அதில் நோயாளியின் பெயர், வயது, நோயின் பெயர், மருத்துவரின் பெயர், முகவரி, படிப்பு, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். பல சீட்டுகளில் மருந்து மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும், நோயின் பெயர் இருக்காது. அடுத்த முறை போகும்போது கேட்டு எழுதி வாங்குங்கள். 60 வயதுக்குக் கீழே 40,000 வரை, 60 ஆனவருக்கு ஒரு லட்சம் வரை, உண்மையில் செலவு செய்தது. காப்பீட்டிலிருந்து வந்த பணத்தை அந்தக் கழிவிலிருந்து குறைத்துக்கொள்ள வேண்டும்.

துபாயிலிருந்து ஒரு வாசகர்: நான் என்ஆர்ஐ. 80டிடி?

கிடையாது. இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். ஊரில் இருக்கும் பெற்றோருக்குக் கட்டும் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 80டி உண்டு.

நாகர்கோவில் வாசகர்: அம்மாவுக்கு மாதாமாதம் பத்தாயிரம் அனுப்புகிறேன். கழிவு உண்டா?

இல்லை. அம்மாவுக்கும் அதற்கு வரி இல்லை.

மதுரை வாசகி: மாமியாருக்கு 85 சதவீத ஊனம். குளிப்பாட்டுவது முதல் மருந்து வரை நான்தான். வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். 80டிடி-யில் நான் கேட்கலாமா மேடம்?

முடியாது அம்மா. 80டிடி-யில் சார்ந்தவர் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள். மாமனார், மாமியார் இல்லை. உங்கள் கணவருக்கு வரி வருமளவு வருமானம் இருந்து அவர் செலவு செய்திருந்தால் அவர் கேட்கலாம்.

இந்தப் பதிலுக்குப் பின் வந்தவற்றில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான். திருச்சி வாசகர் ஒருவர், "மாமியார், பாட்டி என்று திறந்துவிட்டால் வரி ஏய்ப்புக்காகவே எல்லோரும் பாட்டியைக் காட்டுவார்கள், எல்லை இருப்பதுதான் சரி" என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 80 சதவீத ஊனச் சான்றிதழை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. ஒரே ஆளுக்கு இருவர் கேட்டால் பிடிக்க யூடிஐடி எண் இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். 2007ஆம் வருடப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்பதில் பேரனும் பேத்தியும் உண்டு. தாத்தா பாட்டி அவர்கள் மீது மனுப் போட்டு ஜீவனாம்சம் கேட்கலாம். அதே பேத்தி பாட்டிக்குச் செலவு செய்துவிட்டு 80டிடி-யில் கழிவு கேட்டால் பாட்டி 'சார்ந்தவர்' இல்லை. கடமை என்று வரும்போது உறவு, கழிவு என்று வரும்போது உறவு இல்லை. இதைத் திருத்தத்தான் வேண்டும்.

திருச்சி வாசகர் (மீண்டும்): பேத்தி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருமகளுக்கு 2007 சட்டத்தில் கடமை இல்லையே. அப்புறம் சலுகை எதற்கு?

சட்டத்தில் கடமை இல்லை, வீட்டில் இருக்கிறது. மருமகள் வேலைக்குப் போய், வந்த சம்பளத்தில் மாமியாருக்கு டயப்பர் வாங்குகிறாள். அந்தப் பணம் செலவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

திண்டுக்கல் வாசகி: நீங்கள் சம்பாதிக்கிற மருமகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் வேலையையே விட்டேன். அண்ணன் வெளியூரிலிருந்து பணம் அனுப்புகிறார், கழிவு அவருக்கு. எனக்கு?

வருமான வரியில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. வரி கட்டுகிறவருக்குத்தான் வரிச் சலுகை, உழைப்புக்கு இங்கே கணக்கே கிடையாது. இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான். வரிக் கழிவால் இதை அடைக்கவும் முடியாது. வேலையை விட்டவருக்கு நேரடியாகப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும். அப்பாவுக்குக் கடுமையான ஊனம் இருந்தால் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் உண்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அண்ணனிடமும் பேசுங்கள். கழிவால் அவருக்கு மிச்சமாகும் வரி உங்கள் உழைப்பால் வந்தது. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கரூர் வாசகர்: மாமனாருக்கு 80டி பிரீமியம் நான் கட்டினால்?

மேலே சொன்னதேதான். மாமனார் இல்லை. உங்கள் மனைவி வரி கட்டுகிறவர் என்றால் அவர் கணக்கிலிருந்து அவர் கட்டட்டும்.

ஈரோடு வாசகர்: மாமியாருக்கு 80டிடிபி?

இல்லை. தயவுசெய்து மேலே படியுங்கள், இனி மாமனார் மாமியார் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

விழுப்புரம் வாசகர்: நானும் தம்பியும் அம்மா செலவைப் பாதிப் பாதி பார்க்கிறோம். இருவரும் 80டிடி கேட்கலாமா?

'பெரும்பாலும்' ஒருவரைத்தான் சார்ந்திருக்க முடியும், அதனால் ஒருவர் கேளுங்கள். அதிக வரி விகிதத்தில் இருப்பவரே பெரும்பகுதிச் செலவை ஏற்றுக்கொண்டால் வீட்டுக்கு லாபம். அம்மாவே தன் ரிட்டர்னில் 80யு கேட்டிருந்தால் யாருக்கும் 80டிடி இல்லை, அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 80டி வேறு, அதில் அவரவர் கட்டிய பிரீமியத்தை அவரவர் காட்டலாம்.

கடலூர் வாசகி: போன வருடமே அப்பாவின் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது. இப்போது என்ன செய்ய?

அரசு மருத்துவமனையில் ஊன மதிப்பீட்டு முகாம் எந்தக் கிழமை என்று நாளைக்கே விசாரியுங்கள். பழைய சான்றிதழ், ஆதார், புகைப்படம், சிகிச்சை ஆவணங்களை எடுத்துக்கொண்டு போங்கள். இந்த முறை நிரந்தரம் என்று போட முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.