டேனிஷ் வேதிச்சொற்கள்: அகராதியை நம்பலாமா?

கேள்வி: டீச்சர், நான் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். கணவரின் வேலைக்காக டென்மார்க்கில் இருந்தபோது டேனிஷ் கற்றுக்கொண்டேன். இப்போது ஊரில் இருந்துகொண்டே ரசாயனப் பாதுகாப்புத் தாள்களை டேனிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றித் தருகிறேன். பழைய ஆய்வுக்கூடக் குறிப்புகளும் வருகின்றன. அகராதியை நம்பிச் செய்யலாமா?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: அகராதி வேண்டும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது தாளின் 3-ஆம் பிரிவில் இருக்கும் சிஏஎஸ் எண், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாகக் கொடுக்கப்பட்ட அடையாள எண். உங்கள் ஊர்ப் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டேனிஷில் அதன் பெயர் மியூரெசியூரெ, எறும்பு அமிலம். பக்கத்தில் 64-18-6 என்று இருந்தால் அது ஃபார்மிக் ஆசிட்தான், வேறு யோசனை வேண்டாம். தோட்டத்தில் வெறுமனே 'ஆசிட்' என்றாலே எல்லோருக்கும் புரிகிறது அல்லவா, அதுபோல டேனிஷ்காரர்களும் தங்களுக்குள் புழங்கும் பெயரையே குறிப்பில் எழுதிவைத்திருப்பார்கள்.

நான் அதிகம் பயப்படுவது 'இல்டெ' என்று முடியும் சொற்களுக்கு. ஆக்சிஜனுக்கு 'இல்ட்', ஹைட்ரஜனுக்கு 'ப்ரின்ட்' என்று 1814-இல் பெயர் வைத்தவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-இல் காட்டினாரே, அவரேதான். தீ, எரிதல் என்ற சொந்த மொழிச் சொற்களிலிருந்தே அவற்றை உருவாக்கினார். நம் கலைச்சொல் ஆர்வலர்கள் அவரைப் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இல்டெ என்றால் ஆக்சைடு. குல்இல்டெ கார்பன் மோனாக்சைடு. குல்ட்வேஇல்டெ கார்பன் டை ஆக்சைடு. நடுவில் வரும் 'ட்வே' தான் இரண்டைக் குறிக்கிறது. அதைக் கவனிக்காமல் குல்இல்டெயை டை ஆக்சைடு என்று எழுதினால், நிறமும் மணமும் இல்லாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாமல் செய்யும் வாயுவை சோடா பாட்டில் வாயுவாக மாற்றிவிட்டீர்கள் என்று பொருள். ப்ரின்ட்ஓவர்இல்டெ என்பதும் ஹைட்ரஜன் ஆக்சைடு இல்லை, பெராக்சைடு.

அடுத்தது நாட்ரோன். தனியாக வந்தால் ஆப்பசோடா. நாட்ரோன்லூட் என்றால் காஸ்டிக் சோடாக் கரைசல், தோலை அரித்துவிடும். சிஏஎஸ் எண்களும் வேறு: ஆப்பசோடாவுக்கு 144-55-8, காஸ்டிக் சோடாவுக்கு 1310-73-2. அமிலங்களில் 'சியூரெ', 'சியூர்லிங்' இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஸ்வவ்ல்சியூரெ சல்ஃபியூரிக் ஆசிட், ஸ்வவ்ல்சியூர்லிங் சல்ஃபியூரஸ் ஆசிட். நாகர்கோவிலில் பிளஸ் டூ எடுத்த காலத்தில் இதை மாற்றி எழுதிய பிள்ளைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. உங்களுக்கும் போட மாட்டேன்.

எச்314 போன்ற அபாய வாசகங்களை நீங்களாக மொழிபெயர்க்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1272/2008 ஒழுங்குமுறையில் டேனிஷிலும் ஆங்கிலத்திலும் அதிகாரபூர்வ வாசகம் இருக்கிறது. ஆங்கிலத்தை அப்படியே எடுத்து வையுங்கள், உங்கள் நடை நன்றாக இருந்தாலும்.

அப்புறம் எண்கள். டேனிஷில் 0,5 என்றால் அரை; 1.000 என்றால் ஆயிரம். காற்புள்ளியும் புள்ளியும் இடம் மாறி வரும். ஒரு கிராம் போட வேண்டிய இடத்தில் ஒரு கிலோ போய்விடும். மொழிபெயர்த்து முடித்தபின் எண்களை மட்டும் தனியாக ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய குறிப்பில் சிஏஎஸ் எண்ணும் இல்லை, வாய்பாடும் இல்லை என்றால் ஊகிக்காதீர்கள். டேனிஷ் சொல்லை அப்படியே விட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, வேலை கொடுத்தவரிடம் கேளுங்கள். ஒரு நாள் தாமதமானால் ஆகட்டும்.