வாசகர் கேள்வி–பதில்: டோஸ்டருக்குள் மடங்கும் ரோபோ

வீட்டு உபயோகப் பொருளாக உருமாறும் ரோபோ பொம்மைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: டோஸ்டராக மாறும் ரோபோ பொம்மையைப் பத்து வயது மகனுக்கு வாங்கித் தரலாம் என்று நினைக்கிறேன். விளம்பரப் படத்தில் ரோபோ கம்பீரமாகத்தான் இருக்கிறது. நீங்கள் அதைக் கையிலெடுத்துப் பார்த்திருந்தால் உங்கள் மதிப்பீட்டைச் சொல்ல முடியுமா?

பதில்: விளம்பரப் படங்களில் ரோபோ நடுநாயகமாக நிற்கும்; டோஸ்டர் ஒரு மூலையில் சிறிதாகத் தெரியும். நீங்கள் உற்றுப் பார்க்க வேண்டியது அந்த மூலைப் படத்தைத்தான். இவ்வகைப் பொம்மையின் தரம், மூடிய நிலையில் அது எவ்வளவு தூரம் டோஸ்டராகத் தோன்றுகிறது என்பதில்தான் இருக்கிறது. ரோபோவாக மட்டும் வேண்டுமென்றால் உருமாறாத பொம்மைகளில் இதைவிட நல்ல உருவங்கள் எத்தனையோ கிடைக்கும்.

கடைகளில் கிடைக்கும் அத்தகைய பொம்மை ஒன்றைப் பிரித்தும் மடித்தும் பார்த்ததில், வடிவமைத்தவர் டோஸ்டருக்காகவே உழைத்திருக்கிறார் என்பது புலப்பட்டது. பக்கச் சுவர்கள் இரண்டும் நடுவில் மடிந்து கால்களாகின்றன. ரொட்டி இறங்கும் துளைகளைச் சுற்றியுள்ள மேல் விளிம்பு இரண்டாகப் பிளந்து தோள்களின் மேற்பகுதியாகிறது. பக்கவாட்டில் உள்ள நெம்புகோலைக் கீழே அழுத்தினால் அது கொக்கியில் மாட்டி நிற்கிறது. மெல்லத் தட்டினால் பிளாஸ்டிக் ரொட்டித் துண்டு மேலே துள்ளுகிறது. துளைகள் இரண்டு இருந்தும் ஒன்றில்தான் இது நடக்கிறது. மற்றதற்குள் ரோபோவின் மடக்கிய வலக்கை இருப்பதால், அங்கே துண்டின் மேல் விளிம்பை மட்டும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையை எங்கே ஒளிப்பது என்ற கேள்விக்கு அந்தச் சிறிய பெட்டிக்குள் வேறு விடை இல்லை என்பது பிரித்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. டோஸ்டரின் பின்சுவர் எதுவாகவும் மாறுவதில்லை; ஒரு கீலில் சுழன்று ரோபோவின் முதுகில் போய்த் தொங்குகிறது. புத்தக மூட்டையைச் சுமக்கும் பள்ளிப் பிள்ளையைப் போல ரோபோ பின்னால் சாய்கிறது; அந்தச் சாய்வைத் தாங்கக் குதிகாலும் இல்லை. சேகரிப்பாளர்கள் இவ்வாறு வேலையின்றித் தொங்கும் உதிரிகளைக் ‘கிப்பிள்’ என்பார்கள். முழங்காலைச் சற்றே மடக்கி, உடலை முன்னோக்கிச் சாய்த்து வைத்தால் ரோபோ நிற்கிறது. நேராக நிறுத்த முயன்றால் விழுகிறது.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். மீண்டும் டோஸ்டராக்கும்போது, தலையை முழுவதுமாகப் பின்னோக்கித் திருப்பி, தோள்களைக் ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை கீழே அழுத்திய பிறகே முன்பலகையை மூட வேண்டும். வரிசை தவறினாலும் பலகை மூடிக்கொள்வது போலத்தான் தோன்றும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சும். பொறுமையிழந்து அழுத்தினால் உள்ளே இருக்கும் முளையின் அடியில் பிளாஸ்டிக் வெளுத்துவிடும். அந்த வெளுப்பு முறிவின் முன்னறிவிப்பு. செய்முறைத் தாளில் சொற்கள் இல்லை. அம்புக்குறிகள் மட்டுமே உள்ளன. இந்த வரிசையை அவை தெளிவாகக் காட்டவில்லை. முதல் முறை மகனோடு நீங்களும் உட்கார்ந்து செய்யுங்கள். அந்த ஒரு முறை கூட இருக்க முடியுமென்றால் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: காராகவும் விமானமாகவும் மாறும் ரோபோக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது, வீட்டுப் பொருளாக மாறுபவை மட்டும் ஏன் இவ்வளவு குறைவு? இவை அண்மையில் தோன்றியவையா?

பதில்: அண்மையில் தோன்றியவை அல்ல, சொல்லப்போனால் புகழ்பெற்ற உருமாறும் ரோபோக்களின் வரலாற்றில் வீட்டுப் பொருள்கள் தொடக்கம் முதலே இருக்கின்றன. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1974-இல் தொடங்கிய மைக்ரோமேன் என்ற வரிசையில், உள்ளங்கையில் அடங்கும் வீரர்கள் கதையிலும் அதே சிறிய உயரம் உடையவர்களே. அந்த வரிசையின் கிளையாக 1983-இல் வந்த மைக்ரோ சேஞ்சு பொம்மைகள் அந்தத் தருக்கத்தை அப்படியே தொடர்ந்தன: ரோபோ சிறியது, ஆகவே அது மனிதரின் வீட்டில் இருக்கும் சிறிய பொருளாக மாறி ஒளிந்துகொள்கிறது. ஒலிநாடாக் கருவி, ஒலிநாடாக்கள், புகைப்படக் கருவி, நுண்ணோக்கி ஆகியவை அப்படித்தான் வந்தன.

அதே டகாராவின் டையாகுளோன் என்ற வேறொரு வரிசையில் ரோபோக்கள் பிரம்மாண்டமானவை. அவற்றின் கார் என்பது உண்மைக் காரின் சிறிய மாதிரி. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இரண்டு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளை எடுத்து, ஒரே கதையில் சேர்த்து, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. ஒலிநாடாக் கருவி அங்கே சவுண்ட்வேவ் ஆனது; நுண்ணோக்கி மறு ஆண்டில் பெர்செப்டர் ஆனது. லாரியின் உயரத்துக்கு நிற்கும் ரோபோ எப்படி மேசைமேல் வைக்கும் கருவியாகச் சுருங்குகிறது என்ற கேள்விக்கு அன்றைய கார்ட்டூன் தொடர் விளக்கம் தேடிக் களைக்காமல், சுருங்குவதை அப்படியே காட்டிவிட்டு நகர்ந்தது. தனித்தனியே இரு வரிசைகளிலும் அளவு ஒழுங்காகத்தான் இருந்தது. ஒட்டுப் போட்டபோது வந்த சிக்கல் அது.

அரிதாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வடிவியல். ஒரு காரில் கதவுக்கும் கூரைக்கும் இடையிலும், முன்மூடிக்கும் விளக்குக்கும் இடையிலும் ஏற்கெனவே கோடுகள் இருக்கின்றன. உருமாற்றத்துக்கான வெட்டுகளை அந்தக் கோடுகளிலேயே வைத்துவிட்டால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கதவு சிறகாகலாம், முன்மூடி மார்பாகலாம், சக்கரம் தோளில் தங்கலாம். குளிர்சாதனப் பெட்டியிலோ டோஸ்டரிலோ வழுவழுப்பான சுவர்களே உள்ளன. எங்கே வெட்டினாலும் வடு தெரியும். சவுண்ட்வேவ் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு ஒலிநாடாக் கருவியின் முகப்பில் பொத்தான்களும் கண்ணாடிக் கதவும் இருந்தது முக்கியமான காரணம் என்பது என் கருத்து. அந்தக் கதவு அப்படியே ரோபோவின் மார்பாயிற்று. அதைத் திறந்து ஒலிநாடாவை வெளியே எடுத்தால் அதுவும் இன்னொரு ரோபோவாக விரிந்தது. வடுவை மறைக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

பின்னாளிலும் இந்த மரபு அறுபடவில்லை. 2009-இல் வெளிவந்த இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் ஒரு வீட்டின் சமையலறைக் கருவிகள் உயிர்பெற்று ரகளை செய்தன. 2018-இல் தொடங்கிய பாட்பாட்ஸ் வரிசையில் விரல் நுனியளவு ரோபோக்கள் கடைவீதியில் காணும் அன்றாடப் பொருள்களாக மாறின. அவற்றின் உருமாற்றம் மிக எளிமையானது. ஒரு குழந்தை சில நொடிகளில் முடித்துவிடும். அவற்றை மதிப்பிட நீண்ட கட்டுரை தேவைப்படாது.

கேள்வி: விளையாட்டுக்கு மட்டும் இல்லாமல், உண்மையாகவே ரொட்டி சுடும் ரோபோவை ஏன் யாரும் செய்வதில்லை?

பதில்: செய்யாமல் இருப்பதே நல்லது. டோஸ்டருக்குள் இருக்கும் நிக்கல்–குரோமியக் கம்பி செக்கச் சிவக்கும்போது அதன் வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. இந்தப் பொம்மைகளில் பெரும்பகுதி ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அது ஏறத்தாழ 105 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். உறுதியான பாலிகார்பனேட் கூட 150 டிகிரிக்கு அருகில் தளர்ந்துவிடும். அது ஒருபுறமிருக்க, மடங்கும் ஒவ்வொரு மூட்டின் வழியாகவும் மின்கம்பி செல்ல வேண்டும். மடக்கி விரிக்க விரிக்க அந்தக் கம்பியின் உறை தேயும். வீட்டு மின்சாரம் பாயும் கம்பியில் அப்படி ஒரு தேய்மானம் நேர்ந்தால் விளைவை விவரிக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு நெறி, பொம்மைகளுக்குத் தரும் மின்னழுத்தம் 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று வரையறுக்கிறது. டோஸ்டரோ சலவைப்பெட்டியோ அந்த வரம்புக்குள் வராது.

வெப்பம் தேவைப்படாத கருவிகளின் கதை வேறு. பெர்செப்டரின் நுண்ணோக்கியில் உண்மையான வில்லை இருந்தது. ஓரளவுக்குப் பொருள்களைப் பெரிதாக்கியும் காட்டியது. 2007-இல் ஜப்பானில் வெளிவந்த ஒரு சவுண்ட்வேவ் பொம்மை, நினைவக அட்டையிலிருந்து எம்பி3 பாடல்களை உண்மையாகவே பாடியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பாடல் கருவி இன்று பழம்பொருள். உள்ளே இருக்கும் மின்னணுவியல் சில ஆண்டுகளில் காலாவதியாகிவிட, மூட்டும் கீலும் மட்டும் நிலைக்கின்றன. வேலை செய்யும் கருவி என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க எண்ணுபவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கைவிளக்கு, கடிகாரம் போன்ற எளிய கருவிகளுக்கு இந்தக் கவலை குறைவு.

கேள்வி: என் பேத்திக்கு இரண்டு வயது. அண்ணனின் ரோபோவைப் பிடுங்கி விளையாடுகிறாள். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கழன்று வரும் கைமுட்டி, ஆயுதம், பிளாஸ்டிக் ரொட்டித் துண்டு ஆகியவை தொண்டையில் அடைக்கும் அளவுடையவை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்த உதிரியும் அந்த வயதுக்கு ஆகாது. பொம்மையில் பொத்தான் மின்கலம் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. விழுங்கிய மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடக்கூடும். மின்கல அறையின் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். மூத்த பிள்ளைக்குத் தனி அலமாரித் தட்டு ஒதுக்குவதைவிட எளிய தீர்வு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ரேடியோ ரோபோவின் இடுப்பு மூட்டு தளர்ந்துவிட்டது, வெள்ளைப் பாகங்கள் மஞ்சளாகிவிட்டன. சரிசெய்ய வழி உண்டா?

பதில்: தளர்ச்சியைச் சரிசெய்யும் முன், மூட்டு எவ்வகை என்று பாருங்கள். பந்து மூட்டாக இருந்தால் அதைக் கழற்றி, பந்தின்மேல் நிறமற்ற நகப்பூச்சை மெல்லிய படலமாகப் பூசி, முழுவதும் உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ஓர் இரவு முழுவதும் காத்திருப்பது நல்லது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே மாட்டினால் மூட்டு ஒட்டிக்கொள்ளும். ஆணியில் சுழலும் மூட்டாக இருந்து, அருகில் திருகாணி இருந்தால் அதை இறுக்கிப் பார்ப்பதே போதுமானதாக இருக்கலாம். பல் சக்கரம் வைத்த மூட்டு தளர்ந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கும். அதற்கு வீட்டில் மருந்தில்லை.

பொம்மையின் மூட்டு இறுக்கமாக இருந்தால் தையல் எந்திர எண்ணெயை விடும் வழக்கம் உண்டு. அதைத் தவிர்க்கும்படி வற்புறுத்திச் சொல்கிறேன்; கனிம எண்ணெய்கள் ஏபிஎஸ், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குகளில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கக்கூடும். சிலிக்கோன் மசகு (கிரீஸ்) ஒரு துளி போதும். மஞ்சள் நிறத்துக்குப் புற ஊதாக் கதிரும் காற்றும் சேர்ந்து பிளாஸ்டிக்கில் செய்யும் வேதி மாற்றமே காரணம். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி ஒளியில் வைத்தால் வெண்மை ஓரளவு திரும்பும். ஆனால் அது நிலைப்பதில்லை, பிளாஸ்டிக்கும் சற்று நலிவடையும். ஒட்டுத்தாள் உள்ள பாகங்களைத் தொடவே வேண்டாம். சன்னல் அருகிலிருந்து அலமாரியை நகர்த்துவதுதான் இனி மஞ்சள் ஏறாமல் தடுக்கும் வழி.

கேள்வி: கடையில் பெட்டியைத் திறந்து பார்க்க விடமாட்டார்கள். மூடிய பெட்டியை வைத்தே நல்லது கெட்டதைக் கண்டுகொள்ள முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். பெட்டியின் பின்புறம் ரோபோவின் பக்கவாட்டுப் படம் இருந்தால் அதைப் பாருங்கள். முன்னிருந்து மட்டுமே படம் எடுத்திருந்தால் முதுகில் ஏதோ தொங்குகிறது என்று ஊகிக்கலாம். அடுத்து, வீட்டுப் பொருளின் சுவர்கள் ரோபோவின் உடலில் எங்கே போயிருக்கின்றன என்று தேடுங்கள். கைகால்களில் அவை தெரிந்தால் வடிவமைப்பில் உழைப்பு இருக்கிறது. எங்குமே தெரியாமல், ரோபோ மட்டும் மெலிந்து அழகாக நின்றால், சுவர்கள் வெறும் ஓடாக முதுகிலோ கழற்றி வைக்கும் உதிரியாகவோதான் இருக்கும். அத்தகையவற்றை ‘ஷெல்ஃபார்மர்’ என்று சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். உருமாற்றப் படிகளின் எண்ணிக்கையைச் சில பெட்டிகளில் அச்சிடுகிறார்கள். படிகள் அதிகமாக இருப்பதால் பொம்மை சிறப்பு என்றாகிவிடாது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வாங்கும்போது குறைந்த எண்ணிக்கையையே தேர்ந்தெடுங்கள்.