ஜெர்மனி போஸ்ட்டாக், பர்மனென்ட் ஆகுமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, சென்னைல பிஎச்டி முடிச்சாச்சு, ஜெர்மனில ரெண்டு வருஷ போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி, கிடைச்சிருக்கு, போனா அப்படியே பர்மனென்ட் ஆயிடலாமான்னு கேட்டிருந்தீங்க. வாழ்த்துகள். ஆனா அப்படியே ஆகாதுங்க, இதை இப்பவே சொல்லிடுறேன், எனக்கு யாரும் சொல்லல.

இங்க 2007ல இருந்து ஒரு சட்டம் இருக்கு. பிஎச்டிக்கு முன்னாடி 6 வருஷம், முடிச்சப்புறம் 6 வருஷம், மருத்துவத்துல மட்டும் 9, அவ்வளவுதான் யுனிவர்சிட்டி உங்கள இந்தக் கணக்குல டெம்பரரியா வச்சிக்கலாம். அப்புறம் வெளி ப்ராஜெக்ட் பணம் இருந்தா ஓடும், இல்லன்னா வெளிய. பர்மனென்ட் போஸ்ட்டுன்னா பெரும்பாலும் புரொஃபஸர் பதவிதான், நடுவுல ரொம்ப கம்மி. டெம்பரரியா வச்சாதான் புதுசா வர்றவங்களுக்கு இடம் அடைபடாதுன்னு அரசாங்கமே ஹன்னான்னு ஒரு கார்ட்டூன் பொண்ண வச்சு வீடியோ போட்டு விளக்குனாங்க, 2021ல ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளருங்க "நான்தான் ஹன்னா"ன்னு ட்விட்டர்ல கொதிச்சு எழுதுனாங்க. நானும் எழுதுனேன், அன்னைக்கு அழுகையே வந்துச்சு.

பிஎச்டிய 6 வருஷத்துக்குள்ள முடிச்சிருந்தா மிச்ச காலம் போஸ்ட்டாக் கணக்குல சேரும், இந்தியால பண்ணதுக்கும் இது பொருந்தும், அதனால சேர்ந்த தேதி முடிச்ச தேதி ரெண்டும் இருக்கிற மாதிரி சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க. குழந்தை இருந்தா ஒரு குழந்தைக்கு 2 வருஷம் வரைக்கும் கூட்டிக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம். உங்களுக்குக் குடுக்கிறது வேலை கான்ட்ராக்டா ஸ்காலர்ஷிப்பா? நான் முதல் ரெண்டு வருஷம் ஸ்காலர்ஷிப்லதான் இருந்தேன், கைக்கு வர்ற காசு நல்லாதான் இருக்கும், ஆனா பென்ஷன் கட்ட மாட்டாங்க, வேலையில்லா இன்ஷூரன்ஸும் கிடையாது. அது முடிஞ்சு அடுத்தது வர்ற வரைக்கும் நாலு மாசம், கைக்குழந்தையோட, சேத்து வச்சத கரைச்சு சாப்பிட்டோம். புரொஃபஸர் நல்ல மனுஷன், பணம் வந்துடும் வந்துடும்னுதான் சொல்லிட்டே இருந்தார். கான்ட்ராக்ட்ல ஒரு வருஷம் வேலை பாத்திருந்தா 6 மாசம், ரெண்டு வருஷம்னா 12 மாசம் அந்த இன்ஷூரன்ஸ்ல இருந்து சம்பளத்துல ஒரு பங்கு வந்துட்டிருக்கும். கான்ட்ராக்ட் முடியறதுக்கு 3 மாசம் முன்னாடியே வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சிடணும், புரொஃபஸர் நீட்டிச்சிடுறேன்னு சொல்லிருந்தாலும் பதிஞ்சிடுங்க.

விசால ப்ளூ கார்டு கேளுங்க, அது படிச்சவங்களுக்குக் குடுக்கிற வேலை விசா. அதுல ஜெர்மன் மொழில பி1 லெவல் (நடுத்தரம்) இருந்தா 21 மாசத்துல, ஏ1 (ஆரம்பம்) மட்டும்னா 27 மாசத்துல பிஆர், அதாவது நிரந்தரமா தங்குற அனுமதிக்குப் போடலாம், பென்ஷன் கட்டியிருக்கணும். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்னா 24 மாசம், கணக்கு போட்டுப் பாருங்க, பி1 இருந்தா உள்ள வரும் இல்லன்னா வராது. லேப்ல எல்லாரும் இங்கிலீஷ்தான் பேசுவாங்கன்னு நான் மூணு வருஷம் மொழியத் தள்ளிப் போட்டுட்டேன், அதுதான் இன்னைக்கும் வருத்தம். பிஆர் கையில இருந்தா கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் நாட்ட விட்டுக் கிளம்பணும்னு பயம் கிடையாது, கம்பெனி வேலையும் நிதானமா தேடலாம், பெரும்பாலானவங்க கடைசில அங்கதான் போறாங்க, நானும் போயிட்டேன், அது தோல்வி இல்ல தம்பி.

ஆஃபர் லெட்டர்ல கான்ட்ராக்டா ஸ்காலர்ஷிப்பான்னு பாத்துட்டு எழுதுங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி.