அம்மன் சிவப்பு, டெய்லர் கறுப்பு

ஐயா வணக்கம்,

என் அண்ணன் மகள், அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் மேல் பைத்தியம். அவருடைய ‘மிட்நைட்ஸ்’ இசைத்தட்டை நாலு தடவை வாங்கி வைத்திருக்கிறாள். பாட்டெல்லாம் ஒன்றுதான், அட்டைப் படமும் தட்டின் நிறமும் மட்டும் வேறு வேறு. நாலு பின்னட்டையையும் சேர்த்து வைத்தால் ஒரு கடிகாரம் வருகிறதாம், ஆசையாகக் காட்டினாள். இத்தனைக்கும் வீட்டில் ரெக்கார்ட் பிளேயரே கிடையாது! சுத்த வியாபாரம் என்று சொல்லிவிட்டேன், பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. அட்டையில் அப்படி என்னதான் இருக்கிறது ஐயா? அந்தக் காலத்தில் நாம் பாட்டுக்காகத்தானே வாங்கினோம்?

க., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள க.,

வியாபாரம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். கால்வாசிக் கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு எந்த ரசிகையும் சும்மா இருக்கமாட்டாள் என்பது 2022இல் அதை வெளியிட்டவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் நாம் பாட்டுக்காகத்தான் வாங்கினோம் என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வீடுகள் எத்தனை? கிரே ஸ்ட்ரீட் கடையில் பக்திப் பாடல் கேசட் வாங்க நின்றவர்களில் பலர் நிறத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். சிவப்பும் மஞ்சளும் வேப்பிலையுமாக இருந்தால் அம்மன். பச்சையும் மயிலும் என்றால் முருகன், காவடிக்கு ஆகும். பாடியது எல்.ஆர். ஈஸ்வரியா வேறு யாருமா என்பது வீட்டுக்கு வந்து போட்ட பிறகுதான் தெரியும். பாடியவர் படம் இருந்தாலும் மூலையில் தபால்தலை அளவுக்குத்தான் இருக்கும்.

பாப் இசையில் அம்மன் இருந்த இடத்தில் பாடகரே வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஆனால் அம்மனுக்குச் சிவப்பு என்றால் என்றைக்கும் சிவப்புதான். பாடகருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு ஆல்பத்திலும் ‘போன தடவை பார்த்த ஆள் இல்லை நான்’ என்று காட்டியாக வேண்டும்.

அண்ணன் மகளிடம் ‘ரெப்யுடேஷன்’ (2017) இருந்தால் வாங்கிப் பாருங்கள். முழுக்கக் கறுப்பு வெள்ளை. முகத்தின் ஒரு பாதி மேல் செய்தித்தாள் பத்திகள் ஓடுகின்றன. கிட்டே வைத்துப் படித்தால் செய்தி என்று ஒன்றுமே இல்லை, அவர் பெயரே திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கிறது. அதற்கு முந்தின வருடம்தான் பத்திரிகைகளும் இணையமும் அவரைப் போட்டுக் கிழித்திருந்தன. அவர் ஒரு வரி பாடுவதற்கு முன்பே அட்டை பதில் சொல்லிவிட்டது. சரி, கோபம் தீர்ந்துவிட்டது என்று ஊருக்கு எப்படித் தெரிவிப்பது? 2019இல் ‘லவர்’ வந்தது, அட்டை முழுக்க இளஞ்சிவப்பு மேகம். அவருடைய ரசிகர்கள் ‘கறுப்புக் காலம்’, ‘இளஞ்சிவப்புக் காலம்’ என்கிற மாதிரி பிரித்து, கச்சேரிக்கும் அந்தந்த நிறத்தில் உடுத்திக்கொண்டு போவது சும்மா இல்லை.

இந்த விஷயத்தில் மகா கெட்டிக்காரர்கள் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுதான். 1967இல் ‘சார்ஜென்ட் பெப்பர்’ அட்டையில் உலகத்துப் பிரபலங்களையெல்லாம் கூட்டமாக நிறுத்தி, நிறத்தை வாரி இறைத்தார்கள். அடுத்த வருடமே ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டனைப் பிடித்து வெறும் வெள்ளை அட்டை போட்டார்கள். குழுவின் பெயருக்குக்கூட மை கிடையாது, தடவிப் பார்த்தால் கையில் தட்டுகிற மாதிரி புடைப்பாக அச்சு. கூடவே ஒரு வரிசை எண். லட்சக்கணக்கில் விற்கிற சரக்குக்கு, ஓவியர் எண் போட்டுக் கொடுத்த பிரதி மாதிரி ஒரு பாவனை! உங்கள் வீட்டு ‘மிட்நைட்ஸ்’ நாலும் அந்த வெள்ளை அட்டையின் பேத்திகள்தான்.

அட்டையே ஓர் ஆளை உண்டாக்கிவிடும் என்பதற்கு நம் தென்னாப்பிரிக்காவை விட வேறு சாட்சி வேண்டாம். டெட்ராய்ட் பாடகர் ரொட்ரிகஸின் ‘கோல்ட் ஃபாக்ட்’ (1970) அமெரிக்காவில் விலைபோகவில்லை. இங்கே, நிறவெறி ஆட்சியின் காலத்தில், வெள்ளைக்கார இளைஞர்கள் அதைத் தேயத் தேயக் கேட்டார்கள். ஆள் யார், எங்கே இருக்கிறார், ஒரு தகவலும் இல்லை. இருந்தது அட்டை மட்டும்: ஒரு கண்ணாடி உருண்டைக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். கண்ணே தெரியாத அந்தப் படத்தின் மேல் ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்பதுவரை போயிற்று. கட்டட வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்த மனிதர் 1998இல் இங்கே வந்து இறங்கி, நிறைந்த அரங்குகளில் பாடினார்.

ஏமாற்று என்று ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் நான் வேறு அட்டையைத்தான் காட்டுவேன். அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ (1986). பாட்டுகள் நல்ல பாட்டுகள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஜோகன்னஸ்பர்க் கலைஞர்கள் வாசித்தார்கள், நம் நட்டால் பக்கத்து லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ குழுவினர் பாடினார்கள். முன்னட்டையில் யார்? எத்தியோப்பியாவின் பழைய கிறிஸ்தவ ஓவியம் ஒன்று, குதிரை மேல் ஒரு புனிதர். எத்தியோப்பியா எங்கே, நட்டால் எங்கே! ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே ஊர் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. உங்கள் பிள்ளை வாங்கிய நாலிலும் பாடியவர் முகமாவது இருக்கிறது.