ரீஃப் தொட்டியில் பாசியைத் தின்ன எந்த நண்டு வாங்கலாம், எத்தனை வாங்கலாம்?

கேட்டவரின் நிலைமை இது: 200 லிட்டர் ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்துச் சில மாதம்தான் ஆகிறது. பாறை மேல் பச்சை முடிப்பாசி படர்கிறது, இடுக்குகளில் பச்சைக் குமிழ்கள் தெரிகின்றன. கடையில் இருபது முப்பது நண்டுகளை மொத்தமாக எடுத்துப் போட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

மொத்தமாக வேண்டாம். குமிழ்ப் பாசிக்காக எமரால்ட் நண்டு ஒன்று, பொதுவான மேய்ச்சலுக்கு ஸ்கார்லெட் ஹெர்மிட் நண்டு மூன்று அல்லது நான்கு, அவ்வளவு போதும். கண்ணாடியிலும் பாறையிலும் தினமும் படியும் மெல்லிய பாசிக்கு நண்டை நம்பாமல் நத்தையை நம்புங்கள். முடிப்பாசியைக் கையால் பிடுங்குங்கள். இதற்கான காரணங்கள்தான் மீதிப் பதில்.

நண்டு எதுவுமே முழுச் சைவம் கிடையாது. 'பாசி தின்னும் நண்டு' என்று பெயர் போட்டு விற்கிறார்களே, அவையும் கிடைத்ததைத் தின்னும் பிராணிகள்தான். பாசி எளிதாகக் கிடைத்தால் பாசி, மீன் உணவு விழுந்தால் அது, செத்த மீன் கிடந்தால் அது, இது எதுவும் இல்லையென்றால் நத்தையோ பவளமோ தூங்கும் சின்ன மீனோ. அதனால் எந்த நண்டு நிறையப் பாசி தின்னும் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பாசி தீர்ந்த பிறகு அது எதன் மேல் கை வைக்கும், எவ்வளவு பெரிதாக வளரும், அப்போது அதைப் பிடித்து வெளியே எடுக்க முடியுமா, இதையெல்லாம் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

எமரால்ட் நண்டிலிருந்து தொடங்குகிறேன், அறிவியல் பெயர் மித்ராகுலஸ் ஸ்கல்ப்டஸ். கடைக்குக் கடை பெயர் மாறுவதால் இந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கரீபியன் கடல் பக்கத்து நண்டு, பளபளப்பான பச்சை, முழுதாக வளர்ந்தாலும் ஓட்டின் அகலம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். இதன் கொடுக்கு நுனி கரண்டி மாதிரிக் குழிந்திருக்கும். பாறையோடு ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுப்பதற்கான அமைப்பு அது. தொட்டிக்காரர்கள் இதை வாங்குவதற்கு முக்கியக் காரணம் குமிழ்ப் பாசி, அதாவது வலோனியா வகை. அந்த ஒவ்வொரு உருண்டையும் ஒரே ஒரு செல் என்பது ஆச்சரியமான விஷயம், உலகின் மிகப் பெரிய ஒற்றைச் செல் உயிர்களில் ஒன்று அது. பெரும்பாலான மீனும் நத்தையும் அதைச் சீண்டாது. எமரால்ட் நண்டு கொடுக்கால் கிழித்துத் தின்னும். எல்லா எமரால்டும் தின்னும் என்று உத்தரவாதம் இல்லை, சில நண்டுகள் மீன் உணவின் ருசி கண்டுவிட்டு அந்தப் பக்கமே போவதில்லை. அதனால் நண்டை விட்ட முதல் சில வாரங்கள் மீன்களுக்குப் போடும் உணவில் மிச்சம் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய உருண்டைகளை நீங்களே தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சியபடி பெயர்த்து எடுத்துவிடலாம், கை நுழையாத இடுக்கை நண்டுக்கு விட்டுவிடுங்கள்.

குமிழ்ப் பாசி தீர்ந்த பிறகுதான் கவனம் தேவை. எமரால்ட் பகலில் ஒளிந்து இரவில் மேயும் நண்டு. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு வெளிச்சமுள்ள டார்ச்சோடு போய்ப் பாருங்கள், அது என்ன செய்கிறது என்பது அப்போதுதான் தெரியும். பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தால் கவலை இல்லை. பவளத்தின் மேல் உட்கார்ந்து சதையைக் கிள்ளுகிறது, அல்லது பட்டப் பகலிலேயே வெளியே வந்து மீனைப் பார்த்துக் கொடுக்கை நீட்டுகிறது என்றால் பசி என்று அர்த்தம். ஒரு துண்டு நோரி, அதான் காய்ந்த கடற்பாசித் தாள், பாறையில் செருகி வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அடங்காத பெரிய நண்டை வெளியே எடுத்துவிடுவதுதான் நல்லது.

சரி, ஹெர்மிட். தமிழில் துறவி நண்டு என்பார்கள், வயிற்றுப் பகுதி மென்மையாக இருப்பதால் காலி நத்தை ஓட்டைத் தூக்கிக்கொண்டு திரியும் வகை. கடையில் அதிகம் கிடைப்பவை நீலக்கால் ஹெர்மிட்டும் ஸ்கார்லெட் ஹெர்மிட்டும். நீலக்கால், கிளிபனேரியஸ் ட்ரைகலர், சின்னது, சுறுசுறுப்பானது, மலிவாகவும் கிடைக்கும், அதனால்தான் கைநிறைய அள்ளிக் கொடுக்கிறார்கள். என் அனுபவத்தில் நத்தைகளுக்கு இதைவிடத் தொல்லை கொடுக்கும் ஹெர்மிட் குறைவு. வளர வளர அதற்குப் பெரிய ஓடு வேண்டும், காலி ஓடு கிடைக்காவிட்டால் உயிரோடு இருக்கும் நத்தையை இழுத்துத் தின்றுவிட்டு அந்த ஓட்டில் குடியேறிவிடும். ஸ்கார்லெட், பாகுரிஸ்டீஸ் கடெனாட்டி, கால்கள் முழுவதும் சிவப்பு, கண் தண்டுகள் மஞ்சள், சாதுவானது. நத்தையையே தொடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஓடு, உணவு இரண்டும் இருந்தால் தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். விலை கூடுதலாக இருந்தாலும் இதைத்தான் பரிந்துரைப்பேன், அதுவும் குறைவாக.

எந்த ஹெர்மிட் வாங்கினாலும் காலி ஓடுகளையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு நண்டுக்கு இரண்டு மூன்று ஓடு, இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் பெரியதாக, வாய்ப் பகுதி வட்டமாகவும் நீள்வட்டமாகவும் கலந்து. சாயம் பூசிய அலங்கார ஓடு வேண்டாம். புதிதாக எடுத்த ஓட்டைக் கொதிக்க வைத்துக் கழுவி, உள்ளே அழுகின சதை ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

சாலி லைட்ஃபுட் என்று ஒரு தட்டை நண்டு உண்டு, பெர்க்னான் கிப்பெசி. உண்மையிலேயே நன்றாகப் பாசி தின்னும். மத்தியதரைக் கடலில் 1999-இல் முதலில் தென்பட்டு, பிறகு பாறைக் கரைகளில் வேகமாகப் பரவியிருக்கிறது என்றால் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் உயிர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குட்டியாக இருக்கும்போது பிரச்சினை இல்லை. வளர்ந்ததும் சின்ன மீன்களையும் இறாலையும் துரத்த ஆரம்பிக்கும், அந்த வேகத்துக்கு வலை போட்டுப் பிடிக்கவும் முடியாது. 200 லிட்டரில் நான் விட மாட்டேன்.

பாசிக்காக என்று யாராவது கொடுத்தால் வாங்கக் கூடாதவை: போர்சலின் நண்டு தண்ணீரில் மிதக்கும் துகளை விசிறி போன்ற உறுப்பால் வடிகட்டித் தின்பது, அழகுக்காக வளர்க்கலாம், பாசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆரோ நண்டு புழு தின்னும். டெக்கரேட்டர் நண்டு உங்கள் பவளத்தையே கிள்ளி முதுகில் ஒட்டிக்கொள்ளும். பாறையோடு தானாக வந்து சேரும் மயிரடர்ந்த, கொடுக்கு நுனி கறுத்த நண்டுகளை முடிந்தவரை அகற்றிவிடுங்கள். ஆனால் அக்ரோபோரா, போசிலோபோரா போன்ற பவளங்களின் கிளைகளுக்குள் வழுவழுப்பான சின்ன நண்டு உட்கார்ந்திருந்தால் கை வைக்காதீர்கள், அது ட்ரபீசியா வகையாக இருக்கலாம். தான் குடியிருக்கும் பவளத்தைத் தாக்க வரும் முள்முடி நட்சத்திர மீனையே கிள்ளித் துரத்தும் காவலாளி அது.

இப்போது முடிப்பாசிக்கு வருகிறேன், உங்கள் தொட்டியின் பெரிய பிரச்சினை அதுதான் என்று நினைக்கிறேன். நீண்டு வளர்ந்துவிட்ட முடிப்பாசியை நண்டுகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஒட்ட வெட்டினாற்போல் குட்டையாக இருந்தால்தான் மேயும். கையால் சுத்தம் செய்துவிட்டு நண்டை விட்டால் பலன் கூடும் என்பதை ஒரு கள ஆய்வே அழகாகக் காட்டியிருக்கிறது. கரீபியனில் 1983-84-இல் டயடீமா என்ற, பாசி மேயும் கறுப்புக் கடல் முள்ளெலிகள் நோயால் கொத்துக் கொத்தாக இறந்தன, மேய ஆளில்லாமல் பல பவளத் திட்டுகளைப் பாசி மூடிவிட்டது. ஃபுளோரிடா கீஸ் பகுதியில் ஆய்வாளர்கள், எமரால்டின் பெரிய உறவுக்கார நண்டான கரீபியன் கிங் நண்டைச் சில திட்டுகளில் விட்டுப் பார்த்தார்கள். நண்டு மட்டும் விட்ட இடங்களில் பாசி சுமார் 50 சதவீதம் குறைந்தது, முதலில் மனிதர்கள் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு நண்டு விட்ட இடங்களில் சுமார் 80 சதவீதம் குறைந்தது. 2021-இல் வெளியான ஆய்வு இது. திறந்த கடலிலேயே கையும் நண்டும் சேர்ந்தபோதுதான் பலன் அதிகமாக இருந்திருக்கிறது, வீட்டுத் தொட்டியில் கையை விட்டுவிட்டு நண்டு மட்டும் போதும் என்று எப்படிச் சொல்வது? ஒரு விஷயம், அந்த கிங் நண்டு கையகலத்துக்கும் மேல் வளரும், குட்டியாகக் கிடைக்கிறதே என்று தொட்டிக்கு வாங்கிவிடாதீர்கள்.

ஆகவே முதலில் விரலாலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் பாசியைப் பிடுங்கி எடுங்கள். தூக்க முடிகிற பாறையை வெளியே எடுத்து, ஒரு வாளியில் தொட்டியின் தண்ணீரை ஊற்றி அதில் வைத்துத் தேய்க்கலாம். பிறகு தண்ணீரைச் சோதியுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.1 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை. இரண்டையும் சுழியமாக்க முயற்சிக்காதீர்கள், பவளத்துக்கும் கொஞ்சம் தேவை, அதோடு சுழியத்தில் டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்ப் படலம் வேறு தலைவலியாக வந்து சேரும். தொட்டிக்கு ஊற்றும் ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில், அதாவது சவ்வாலும் ரெசினாலும் வடிகட்டிய தண்ணீரில், டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்கள்) அளவு 0-தானா என்று பாருங்கள். ரெசின் தீர்ந்துபோன வடிகட்டியிலிருந்து வரும் தண்ணீரே பாசிக்கு உரம் ஊற்றிக்கொண்டிருக்கும், நண்டை எத்தனை விட்டாலும் இது நிற்காது. பலரும் மறந்துவிடுவது ஒன்று: நண்டு தின்ற பாசியில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் எங்கேயும் போய்விடுவதில்லை, பெரும்பகுதி கழிவாக அதே தண்ணீருக்குத் திரும்பி வருகிறது. அதை ஸ்கிம்மரும் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) கழிவைப் பிடிக்கும் வடிபையும் தண்ணீர் மாற்றமும்தான் வெளியே எடுக்க வேண்டும். நீங்கள் கையால் பிடுங்கும் ஒரு கொத்துப் பாசி மட்டும்தான் சத்தோடு சேர்ந்தே நேராக வெளியேறுகிறது.

பாசி என்ன வகை என்றும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். இறகு மாதிரிக் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ், நண்டுகள் அதை அநேகமாகத் தொடாது, நம்பிக் காத்திருக்க வேண்டாம். சிவப்பாக, வழவழப்பாகப் போர்வை போல உரிந்து வருவது சயனோபாக்டீரியா, பாசியே இல்லை, அதற்கும் நண்டு தீர்வல்ல. புதுத் தொட்டியில் மணல் மேல் பழுப்புத் தூசி போலப் படிவது டயாட்டம் என்ற நுண்பாசி, சில வாரங்களில் பெரும்பாலும் தானே போய்விடும்.

நத்தை என்றேனே, ட்ரோக்கஸ் வாங்குங்கள். அஸ்ட்ரியாவும் நன்றாக மேயும், ஆனால் பாறையிலிருந்து மல்லாக்க விழுந்தால் அதனால் திரும்பிப் புரள்வது கடினம். ஹெர்மிட் இருக்கும் தொட்டியில் மல்லாந்து கிடக்கும் நத்தை காலையில் காலி ஓடாகத்தான் கிடைக்கும். ட்ரோக்கஸ் தானே புரண்டுகொள்ளும். நண்டும் நத்தையும் சேர்ந்து வாழ வேண்டிய தொட்டியில் இந்த ஒரு வித்தியாசமே பெரியது. ஐந்தாறில் தொடங்கி, கண்ணாடி எவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

இத்தனை லிட்டருக்கு ஒரு நண்டு என்று கடைக்காரர்கள் சொல்லும் கணக்கை நான் ஏற்பதில்லை. தண்ணீரின் அளவு நண்டுக்கு உணவாகாது, பாறையில் எவ்வளவு மேய்ச்சல் இருக்கிறது என்பதுதான் கணக்கு. சில மாதத் தொட்டியில் முப்பது நண்டு விட்டால் முதல் மாதம் பளிச்சென்று இருக்கும், அப்புறம் ஒன்றையொன்று தின்றும் பட்டினி கிடந்தும் பாதி இறக்கும், அந்தச் சடலங்கள் அழுகி அடுத்த பாசிக்கு உரமாகும். இவற்றில் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடித்து வரப்பட்ட உயிர்கள். பட்டினி போடவென்று அவற்றை வாங்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

வாங்கி வந்ததும் அப்படியே கொட்டாதீர்கள். உப்பளவு சட்டென்று மாறினால் நண்டு தாங்காது, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைப் பையில் கலந்து ஒரு மணி நேரம் பழக்குங்கள். செம்பு கலந்த மீன் மருந்து ஏதாவது அந்தத் தொட்டியில் ஊற்றியிருந்தால் நண்டும் நத்தையும் வேண்டவே வேண்டாம், குறைந்த அளவுகூட அவற்றுக்கு நஞ்சு. ட்ரிகர், பஃபர் மீன்கள், பெரிய ராஸ் வகைகள் இருந்தால் நீங்கள் விடும் நண்டு அவற்றுக்கு இரை. அடியில் நண்டு ஒன்று அசையாமல் கிடந்தால் இறந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம், கழற்றிப் போட்ட ஓடாக இருக்கலாம், உள்ளே வெறுமையாக இருக்கும். நண்டு புது ஓடு இறுகும்வரை எங்காவது ஒளிந்திருக்கும், பாறையைப் புரட்டித் தேடாதீர்கள்.

எமரால்டை எப்போதாவது வெளியே எடுக்க வேண்டி வந்தால் பாறையைக் கலைக்காமலே முடியும். உயரமான கண்ணாடி டம்ளர் ஒன்றின் அடியில் ஒரு துண்டு இறால் சதை போட்டு, வாய்ப்பகுதி பாறையைத் தொடுகிறபடி சாய்த்து வைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். வாசனைக்கு உள்ளே இறங்கும் நண்டால் வழுக்கும் கண்ணாடியில் திரும்ப ஏற முடியாது. முதல் இரவு ஹெர்மிட் மட்டும் விழுந்திருந்தால் அதை விட்டுவிட்டு மறுநாள் வேறு பக்கம் வைத்துப் பாருங்கள்.