பாவனையாளர் கேள்வி-பதில்: ஒரே அல்பம், ஐந்து முறைப்பாடுகள்

டெத் மெட்டல் எனப்படும் இரைச்சல் மிகுந்த கடும் ராக் இசையை வாசிக்கும் சுவீடன் குழுவான என்டூம்ட் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாவது அல்பமான ‘கிளாண்டெஸ்டைன்’ பற்றிச் சென்ற வாரம் ஒரு பதிலில் குறிப்பிட்டிருந்தேன். அதையடுத்து வந்த கடிதங்களே இவ்வாரம் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டன.

கேள்வி: ‘1991 முதற்பதிப்பு’ என்று முகநூலில் விளம்பரம் செய்தவரிடம் இசைத்தட்டை 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். உறையில் ‘ஃபுல் டைனமிக் ரேஞ்ச்’ என்ற ஒட்டுத்தாள் உள்ளது. விற்றவரோ எல்லாம் ஒன்றுதான் என்கிறார். (கல்லடி)

பதில்: ஒன்றல்ல. அது அல்பத்தை முதலில் வெளியிட்ட இயரேக் நிறுவனமே பல ஆண்டுகளின் பின்னர் வெளியிட்ட மறுபதிப்பு வரிசை. தட்டு போலியன்று, முதற்பதிப்பு என்று சொல்லி விற்றதுதான் மோசடி. விளம்பரத்தின் படத்தையும் வட்ஸ்அப் உரையாடலையும் பணம் வைப்பிலிட்ட சீட்டையும் பத்திரப்படுத்தி, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 1977 என்ற இலக்கத்தில் வழிமுறையைக் கேட்டறியலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி 3 மாதங்களுக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். ‘அடுத்த கிழமை பார்ப்போம்’ என்று விற்றவர் இழுத்தடிப்பது அந்தக் காலத்தைக் கரைப்பதற்கே.

கேள்வி: கிற்றார் மரம் அரிவதுபோல் ஒலிக்கிறது. இறுவட்டு பழுதா? (களுவாஞ்சிகுடி)

பதில்: ஸ்டொக்ஹோமின் சன்லைட் ஸ்ரூடியோவில் கிற்றார் ஒலியைக் கரகரப்பாக்கும் பொஸ் எச்எம்-2 பெடலைக் கொண்டு வேண்டுமென்றே அப்படிப் பதிந்தார்கள். கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு வாங்கிய இறுவட்டின் அடிப்பக்கம் ஊதா நிறமாக உள்ளது. பாடகர் என்று உறையிலுள்ள ஜொனி டொர்டெவிச் இதில் பாடவேயில்லை என்கிறான் மகன். உறையும் பொய்யா அம்மா? (கல்முனை)

பதில்: மகன் சொல்வது சரி, பாடியவர் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் நிக்கே அண்டர்சன். ஆனால் அந்தப் பொய் அசல் உறையிலேயே உள்ளதால், அதை வைத்து வாதாடினால் கடைக்காரர் தப்பிவிடுவார். ஊதா நிற அடிப்பக்கத்தைக் காட்டுங்கள்: தொழிற்சாலையில் அச்சிட்ட தட்டு வெள்ளி நிறமாக இருக்கும், உங்களுடையது கணினியில் எரித்த பிரதி. பற்றுச்சீட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கேட்டு வாங்குங்கள், பணத்தையும் சேர்த்து.

கேள்வி: சூட்கேஸ் வடிவப் பிளேயரில் இசைத்தட்டு துள்ளுகிறது. தட்டை மாற்றித் தரமாட்டார்களாம். (ஆரையம்பதி)

பதில்: மாற்ற வேண்டியது பிளேயரை. பார்வைக்கு அழகான இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் மலிவான செராமிக் காட்ரிஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) இருக்கும், ஊசிக் கையின் எடையைத் திருத்த வழியிருக்காது, ஸ்பீக்கரோ ஊசியிருக்கும் அதே பெட்டிக்குள் அதிரும்; ட்ரம்ஸ் இவ்வளவு கனமாக விழும் ஒரு தட்டில் ஊசி பள்ளத்தை விட்டு எகிறாமல் என்ன செய்யும்? தள்ளுபடி விலையில் புறக்கோட்டையில் ஒன்று வாங்கியவள் நானும். மோட்டார் வேகம் தடுமாறியது. விற்ற கடையோ உத்தரவாதக் காலம் முடியும்வரை ‘பாட்ஸ் வரவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அதன் மேல் பூச்சாடி நிற்கிறது. வாங்குமுன் உங்கள் தட்டையே கொண்டுபோய், கடையில் ஒரு பக்கம் முழுவதையும் ஓட்டிப் பாருங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: இதே அல்பத்துக்கு 15,000 ரூபாய் முற்பணம் அனுப்பினேன். விற்பவர் இப்போது என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். என் நண்பனும் முன்னர் அவரிடம் ஏமாந்தவன்தான். (அக்கரைப்பற்று)

பதில்: வங்கிக் கணக்கு இலக்கத்துடன் பொலிஸில் முறையிடுங்கள். நண்பன் ஏமாந்தது தெரிந்தும் பணம் அனுப்பியது ஏன் என்று பொலிஸார் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.