ஜூன் செலவைவிட வட்டி அதிகம் கட்டுகிறீர்கள்

கேள்வி: குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. மே மாதக் கடைசி ஞாயிறு நெருங்கினாலே எனக்குத் தலைவலி ஆரம்பித்துவிடும். யூனிஃபார்ம், ஷூ, பை, நோட்டு எல்லாவற்றையும் அந்த ஒரே நாளில் தி.நகரில் வாங்கி முடிப்போம். வீடு திரும்பும்போது பிள்ளைகள் அழுவார்கள், எங்களுக்குள் சண்டை வரும், இரண்டு நாள் உடம்பு எழும்பாது. இந்த வருடம் முதல் பருவக் கட்டணம் 38,000, மற்ற சாமான்கள் 22,000. எல்லாம் கிரெடிட் கார்டுதான். நாத்தனார் மகனுக்கும் அதே கார்டில் 28,000 கட்டினோம். மாதம் 2,000 தருகிறேன் என்றார். போன வருடமும் அப்படித்தான் தந்தார், ஆனால் அது வீட்டுச் செலவில் கரைந்துவிட்டது. மாதாமாதம் மினிமம் தொகையைத் தவறாமல் கட்டுகிறோம். தீபாவளி போனஸ் 30,000 வந்ததும் அதையும் கார்டில் போடுகிறோம். ஆனாலும் போன ஜூலையில் 1,05,000 இருந்த பாக்கி இப்போது 1,40,000. பீரோவில் 8 சவரன் நகை இருக்கிறது, அடகு வைக்கவே கூடாது என்கிறார் மாமியார். பள்ளிக் கட்டணத்தை வட்டியில்லாத் தவணையாக மாற்றித் தரும் ஆப் ஒன்றைத் தோழி சொல்கிறாள். தெரிந்த ஏஜென்ட் குழந்தைகள் கல்வித் திட்டத்தில் மாதம் 5,000 போடச் சொல்கிறார். எதைச் செய்வது?

– வாசகி, குரோம்பேட்டை

பதில்: சிக்கனமாக இருங்கள், பட்ஜெட் போடுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 58,000 ரூபாயில் வாடகையும் கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவருக்குச் சிக்கனம் தெரியும். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. ‘மினிமம் தொகையைத் தவறாமல் கட்டுகிறோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுவதால் கடன் ஒழுங்காக இருக்கிறது என்று நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கைதான் உங்களைக் கடனிலேயே வைத்திருக்கிறது.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். கார்டு வட்டி பொதுவாக மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வருடத்துக்கு 42 சதவீதம். 1,40,000-க்கு ஒரு மாத வட்டி 4,900. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., சுமார் 880. மொத்தம் 5,780. மினிமம் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்றால் 7,000 கட்டுவீர்கள். அதில் அசலில் கழிவது 1,220 ரூபாய் மட்டும். இந்த வேகத்தில் போனால் ஒரு வருடத்தில் நீங்கள் கட்டும் 84,000-இல் 65,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கும் வரிக்குமே போகும். இரண்டு பிள்ளைகளின் கட்டணமும் சாமான்களும் சேர்ந்து இந்த ஜூனில் 60,000தானே ஆயிற்று?

இன்னொன்றும் உண்டு. பழைய பாக்கி ஒரு ரூபாய் நின்றாலும், புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த 45 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. மே கடைசியில் நீங்கள் தேய்த்த ஷூவுக்கும் நோட்டுக்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்திருக்கும்.

இப்போது உங்கள் தலைவலிக்கு வருகிறேன். ஏன் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் குவிகிறது? நேரமில்லை என்பது பாதிக் காரணம்தான். ஏப்ரலிலும் மே முதல் வாரத்திலும் கையில் காசு இல்லை, சம்பளத்தில் 7,000 கார்டுக்குப் போய்விடுகிறது. அதனால் தள்ளிப்போட்டு, பள்ளி திறக்கும் தறுவாயில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதாகிறது. நான்கு மணி நேரம் கூட்டத்தில் நின்றவர் பில் போடும் இடத்தில் விலை பார்க்க மாட்டார். மகன் கேட்கும் கார்ட்டூன் பையை ‘சரி, எடுத்துத் தொலை’ என்று தட்டில் போடுவார், கார்டை நீட்டுவார். களைப்பு கடனைக் கூட்டுகிறது, கடன் அடுத்த வருடக் களைப்பைக் கூட்டுகிறது. உங்களையோ கணவரையோ இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் வரும் தேதியும் செலவு வரும் தேதியும் மோதிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைப்பது. மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. அடகுக் கடைக்குப் போன நகை மூழ்கிப்போன குடும்பங்களை அவர் பார்த்திருப்பார். நான் சொல்வது வங்கி நகைக்கடன். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். இன்றைய விலையில் மூன்று சவரனுக்கு 1,40,000 கிடைத்துவிடும், எட்டையும் கொண்டுபோக வேண்டாம். மாத வட்டி ஏறக்குறைய 1,170. கார்டில் 5,780, இங்கே 1,170. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மாமியாரிடம் காட்டுங்கள். அவருக்கு நகை மீது அக்கறை, பேரப்பிள்ளைகள் மீது அதைவிட அக்கறை இருக்கும். நகையை இரண்டு கடனாகப் பிரித்து வையுங்கள். ஒன்றை முதலில் மீட்டுக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தால் வீட்டில் நம்பிக்கை வரும்.

அதன் பிறகு, இப்போது கார்டுக்குக் கட்டும் அதே 7,000-ஐ இப்படிப் பிரியுங்கள். 1,200 நகைக்கடன் வட்டிக்கு. 5,000 வங்கித் தொடர் வைப்பில் (மாதாமாதம் ஒரே தொகை போடும் ஆர்.டி.), ஜூலை தொடங்கி 11 மாதத்துக்கு. மிச்சம் 800 நகைக்கடன் அசலில். தீபாவளி போனஸ் முழுதும் அசலுக்கு. அடுத்த ஜூன் வரும்போது தொடர் வைப்பில் 55,000-மும் கொஞ்சம் வட்டியும் இருக்கும், ஜூன் செலவில் பெரும்பகுதி முடிந்தது. நகைக்கடன் 80,000 அருகில் வந்திருக்கும். ஓராண்டில் மிச்சத் தொகைக்கு மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். நகை முழுதாகக் கைக்கு வர மூன்றாவது தீபாவளி ஆகலாம். நீளமான காலம்தான், மறைக்கவில்லை. ஆனால் இதில் கடன் ஒவ்வொரு மாதமும் இறங்கும்.

இந்தக் கணக்கில் நாத்தனார் தரும் 2,000-மும் அடக்கம். அவரிடம் கோபப்பட வேண்டாம், அவரும் ஒரு தாய், அவருக்கும் அதே ஜூன் மாதம். ஆனால் 28,000-ஐ மாதம் 2,000 வீதம் 14 மாதத்தில் அவர் திருப்பினால், அந்தப் பணத்தை அப்படியே கார்டில் போட்டிருந்தாலும் ஏறக்குறைய 8,700 ரூபாய் வட்டி உங்கள் கையிலிருந்து போயிருக்கும். அது அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இனிமேல் கையில் வாங்காதீர்கள், யு.பி.ஐ.யில் அனுப்பச் சொல்லி, வந்த அன்றே நகைக்கடனில் கட்டுங்கள். வீட்டுச் செலவில் 2,000 குறைவது முதல் இரண்டு மாதம் உறைக்கத்தான் செய்யும். அடுத்த வருடக் கட்டணத்துக்குக் கார்டு கிடையாது என்பதை உங்கள் கணவர் இப்போதே தங்கையிடம் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்னால் அது அண்ணி தடுத்ததாகிவிடும், அண்ணனே சொல்லட்டும். ஜூலையில் சொன்னால் அவருக்கும் சேர்க்கப் பத்து மாதம் இருக்கும். மே மாதத்தில் சொன்னால் சண்டைதான்.

தோழி சொன்ன ஆப் பற்றி: வட்டியில்லை என்பார்கள், பிராசஸிங் கட்டணம் இருக்கிறதா, ஒரு தவணை தவறினால் என்ன அபராதம் என்று படித்துப் பாருங்கள். பெயர் எதுவானாலும் அது கடன். ஏற்கெனவே ஒரு கடனில் மூச்சுத் திணறும் வீட்டுக்குள் இரண்டாவது கடன் வேண்டாம். கல்வித் திட்டத்தைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமை இல்லை. 42 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருப்பவரிடம் மாதம் 5,000 கேட்பது எந்த விதத்தில் ஆலோசனை? அது யூலிப் வகை, அதாவது காப்பீடும் சந்தை முதலீடும் கலந்த திட்டம் என்றால் ஐந்து வருடத்துக்குப் பணத்தை எடுக்கவும் முடியாது. கடன் தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைக்குப் போகும் விஷயத்தில் சில யோசனைகள். ஆண்டுத் தேர்வு முடிந்த ஏப்ரல் கடைசியிலேயே யூனிஃபார்ம் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள், மே கடைசியில் அவர் கையில் நேரம் இருக்காது. முதலில் ஆளுக்கு இரண்டு செட் போதும், மூன்றாவதை ஆகஸ்டில் எடுக்கலாம். நோட்டுக்கு ஒரு வேலைநாளில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு ஒருவர் மட்டும் போய் வரலாம், அக்கம்பக்கத்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்கினால் விலை இன்னும் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுக்கும் பென்சிலுக்கும் ஜி.எஸ்.டி. இல்லை, பில்லில் பாருங்கள். ஷூ மட்டும் கடைசி வாரத்தில், கால் வளர்ந்துவிடும். பிள்ளைகளை அதற்கு மட்டும், குரோம்பேட்டையிலேயே ஒரு மாலையில் அழைத்துப் போனால் போதும். பை கிழியாத வருடத்தில் பை வாங்காதீர்கள்.

இந்த வாரமே வங்கிக்குப் போங்கள். நகைக்கடன் பணம் வந்த அன்று கார்டு நிறுவனத்தை அழைத்து, பில்லில் இன்னும் ஏறாத வட்டியையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். அப்படியும் அடுத்த பில்லில் சில நூறு ரூபாய் மிச்ச வட்டி வரலாம். முடிந்துவிட்டது என்று விட்டுவிடாமல் அதையும் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று வரும் பில்லை எடுத்து வையுங்கள்.